பெற்றோர் ஆசிரியர் கழகம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர், தலைமையாசிரியர், பெற்றோர்கள், வாசலிலேயே நிற்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். உள்ளே நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பத்தாம் வகுப்பு முடிவு உங்களுக்கே தெரியும். தவறியவர்கள் எல்லோரும் கணக்கில்தான் விட்டார்கள். பிள்ளைகள் படிக்கவில்லை என்று டீக்கடையில் பேசுகிறோமே தவிர, கணக்கு ஆசிரியர் மாறுதலில் போனபின் அரையாண்டுத் தேர்வு வரை அந்த இடம் காலியாகக் கிடந்ததை யாரும் பேசுவதில்லை. அப்புறம்தான் கழகப் பணத்தில், நம்ம ஊரிலேயே பி.எட். முடித்த ஒரு பெண்ணை வைத்தோம். துணைத் தேர்வுக்கும் அவரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில், ஒருவரைத் தவிர மற்றவர்கள் தேறி டவுன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தைச் சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், அதில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. நமக்கு ஆய்வகம் என்பது ஒரு பீரோதான். கீறல் இல்லாத குவிலென்ஸ் ஒன்றே ஒன்று இருந்தது. அதை ஜன்னலோரம் பிடித்து, மைதானத்து வேப்பமரம் தாளில் தலைகீழாக விழும்வரை ஒரு பிள்ளை நகர்த்திக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஸ்கேலோடு வரிசையில் நிற்பார்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லி, பழைய மாணவர் ஒருவர் ஆறு லென்ஸ் வாங்கித் தந்திருக்கிறார். அவருக்கு நன்றி.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனிக்கவும். தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90. இந்த வருடம் நம் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். தொகை வருடத்துக்கு 1,000தான், இருந்தாலும் எழுதட்டும். சனிக்கிழமைப் பயிற்சியைப் பாத்திரம் கழுவ ஆளில்லை என்று சொல்லி நிறுத்தாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை.

நுழைவாயில் வளைவு கட்ட வேண்டும் என்று ஒரு மனு வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் கணக்கு டீச்சருக்கு இன்னும் ஒரு வருடம் சம்பளம் கொடுக்கலாம். சபை முடிவு செய்யட்டும்.

வரவு செலவு தனித் தாளில் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்