ஆர்.சி.யில் மார்க் எங்கே போகிறது?

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் விழுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து அதைப் படிக்கப் பொறாமையாகத்தான் இருந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்பதில் சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்.

உன் மகள் கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் அவளுக்கு ஆர்.சி.யில், அதாவது பேசேஜைப் படித்து விடை சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில், ஏன் மார்க் போகிறது என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய மூன்று மாக் டெஸ்ட் விடைகளையும் கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் போனது மொத்தத்தில் இரண்டு, மூன்று இடம் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் பேசேஜ் புரிந்தும் ஆப்ஷனில் ஏமாந்தவை. அதனால் இருநூறு அரிய சொற்களை அவள் மனப்பாடம் செய்கிற அந்த வேர்ட் லிஸ்டை இப்போதைக்கு மூட்டை கட்டச் சொல்.

கேட் தேர்வில் முதலில் வருவது ஆங்கிலப் பிரிவு. 40 நிமிடம், 24 கேள்வி. அதில் 16 கேள்வி ஆர்.சி.: நான்கு பேசேஜ், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 சொல், பேசேஜுக்கு நான்கு கேள்வி. சரிக்கு 3 மார்க், தப்புக்கு 1 மைனஸ். கடைசி டெஸ்டில் கயல் 16ஐயும் போட்டு 8 சரி, 8 தப்பு; 24இல் 8 போக 16 மார்க். நான்காவது பேசேஜை அரக்கப்பரக்கப் படித்து 1 சரி, 3 தப்பு வாங்கியிருக்கிறாள். அதைத் தொடாமலே விட்டிருந்தால் 7 சரி, 5 தப்பு. 21இல் 5 போக அப்போதும் அதே 16தான். அதற்குச் செலவான எட்டு நிமிடம் பாரா ஜம்பிளுக்கு, அதாவது கலைந்து கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விகளுக்குப் போயிருக்கும். விடையை டைப் செய்யும் அந்தக் கேள்விகளுக்கு மைனஸே கிடையாது.

இதற்காக 'சந்தேகம் வந்தால் தொடாதே' என்று கோச்சிங்கில் மிரட்டுவதையும் அப்படியே நம்பவேண்டாம். ஆர்.சி. கேள்வி ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆப்ஷன்; கண்ணை மூடி நான்கு கேள்வி அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மூன்று கேள்விக்கு ஒரு மார்க் மிஞ்சும். இரண்டைத் தள்ள முடிந்தால் இரண்டு கேள்விக்கே 2 மார்க் மிஞ்சும். ஆக, பேசேஜை ஒழுங்காகப் படித்துவிட்டு, கடைசியில் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே தவிக்கும் கேள்வியை விட்டுவிடக் கூடாது. படிக்காத பேசேஜைத்தான் விடவேண்டும்.

அந்த இரண்டில் எது என்பதில்தான் அவள் சறுக்குகிறாள். இந்தச் சின்னப் பத்தியைப் பார். உனக்குக் காட்டுவதற்காகத் தமிழில் நானே எழுதியது:

'மரம் நட்டால் நகரத்தின் வெப்பம் தணியும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் புதிய கன்றுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிழலுள்ள தெருக்களுக்கே போய்ச் சேருகின்றன.'

இதில் ஆசிரியர் சொல்ல வருவது என்ன? ஆப்ஷன்கள்: (அ) மரங்கள் நகரத்தின் வெப்பத்தைத் தணிக்கும். (ஆ) நகரத்தில் மரம் நடுவது வீண். (இ) மரம் நடுவதன் பலன் தேவையான இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. (ஈ) ஏழைகள் வசிக்கும் தெருக்களை நகராட்சி ஒதுக்குகிறது.

விடை (இ). (அ) பேசேஜில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது 'ஆனால்'க்கு முன்னால் ஒப்புக்கொண்ட விஷயம், வாதம் அதுவல்ல. (ஆ) ஒரு படி கூடுதலாகப் போய்விட்டது. பொல்லாதது (ஈ). ஏழை என்ற சொல்லோ நகராட்சி என்ற சொல்லோ பத்தியில் எங்கே இருக்கிறது? படிப்பவரின் நியாய உணர்ச்சி அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கயல் விவரம் தெரிந்த பெண், பேப்பர் படிக்கிறவள். அவள் தப்பில் பாதி இந்த ரகம். வெளியுலகில் உண்மையாக இருப்பதும் பேசேஜில் இருப்பதும் வேறு வேறு. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் 'எந்த வரியில் இருக்கிறது?' என்று கேட்டு, திரையில் அந்த வரிக்கு விரலைக் கொண்டுபோக முடியாவிட்டால் தள்ளிவிட வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. முதல் பத்தியில் 'பல அறிஞர்கள் கருதுவது' என்று ஒன்றை விரித்துச் சொல்லிவிட்டு, மூன்றாம் பத்தியில் ஆசிரியர் அதை மறுப்பார். 'ஆசிரியர் எதை ஏற்பார்?' என்ற கேள்விக்கு அந்த அறிஞர்களின் கருத்து அழகான ஆப்ஷனாக வந்து நிற்கும். படிக்கும்போதே ரஃப் தாளில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பத்திக்கு ஐந்தாறு சொல் கிறுக்கிக்கொண்டால் போதும். அதற்கு மேல் எழுதினால் நேரம் போய்விடும்.

தமிழ் காதுக்கென்றே சில கண்ணிகளும் இருக்கின்றன. நாம் 'என்றாலும்' என்பதை வாக்கியத்தின் நடுவில், திருப்பத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' தொடக்கத்திலேயே வந்துவிடும். இரண்டு வரி தாண்டி முக்கியமான கருத்து வரும்போது அது மறந்துபோயிருக்கும். அப்புறம் வினை. தமிழில் அது கடைசியில் வந்து வாக்கியத்தை மூடும். அங்கே எழுவாயைச் சொல்லிவிட்டு, 'விச்', 'ஹூ' என்று வால் நீண்டு, வினை எங்கேயோ நடுவில் கிடக்கும். நீண்ட வாக்கியம் வந்தால் இரண்டு கமாவுக்கு நடுவே இருப்பதைத் தாண்டிப்போய் முதலில் வினையைப் பிடித்துவிட்டு, பிறகு திரும்பிவந்து வாலைப் படிக்கட்டும்.

'ஃப்யூ கிரிட்டிக்ஸ்' என்றால் விமர்சகர் எவருமே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. 'அ ஃப்யூ' என்றால் சிலர். 'குவைட் அ ஃப்யூ' என்றால் நிறையப் பேர். 'எனிதிங் பட் சிம்பிள்' என்றால் எளிதே அல்ல. இரண்டாவது டெஸ்டின் 11ஆம் கேள்வி இந்த 'ஃப்யூ'வில்தான் தலைகீழாகப் போயிற்று. இப்படிப்பட்ட முப்பது, நாற்பது தொடர்களைக் கற்றுக்கொள்வது அந்த இருநூறு அரிய சொற்களைவிடப் பலன் தரும். 'எக்ஸெப்ட்' என்று முடியும் கேள்வியில் மூன்று ஆப்ஷன் பேசேஜோடு ஒத்துப்போகும், ஒத்துப்போகாததுதான் விடை. ரஃப் தாளில் ஒவ்வொன்றுக்கும் டிக், இன்டு போடாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டால் நான்காவது ஆப்ஷனுக்கு வரும்போது கேள்வியே தலைகீழாகிவிடும்.

பயிற்சிக்கு வேறெங்கும் அலையவேண்டாம். 2021 முதல் 2024 வரை, வருடத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு நான்கு பேசேஜ் என்று 48 அசல் பேசேஜ், 192 கேள்வி இருக்கின்றன. 2024இன் பன்னிரண்டையும் அக்டோபருக்கு எடுத்து வைக்கட்டும். மற்ற 36ஐ ஒரு நாளைக்கு இரண்டு வீதம், கம்ப்யூட்டர் திரையில் மட்டும். அச்செடுத்துப் பேனாவால் கோடிட்டுப் பழகினால் தேர்வில் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். அங்கே இடப்பக்கம் பேசேஜ், வலப்பக்கம் கேள்வி, ஸ்க்ரோல் செய்துதான் படிக்கவேண்டும். படிக்க மூன்றரை நிமிடம், நான்கு கேள்விக்கு நான்கரை, ஆக எட்டு. மூன்று பேசேஜ் 24 நிமிடத்தில் முடிந்தால் மிச்சம் 16 நிமிடத்தில் மற்ற எட்டுக் கேள்வியையும், நேரமிருந்தால் நான்காவது பேசேஜில் ஒன்றிரண்டையும் பார்க்கலாம். எந்த மூன்று என்பதைத் தலைப்பை வைத்து முடிவு செய்யவேண்டாம். முதல் பத்தியை மட்டும் ஓட்டிப் பார்த்து, வாக்கியம் நழுவுகிறதா என்று பார்த்தால் போதும். தத்துவம் என்றாலே பயந்து விடுவது அவள் வழக்கம். முதல் இரண்டு டெஸ்டிலும் அவள் விட்டுவிட்ட தத்துவப் பேசேஜ்களின் வாக்கியம் அறிவியல் பேசேஜைவிட நேராக இருந்தது.

எட்டு நிமிடம் போட்டதை அலச இருபது நிமிடம் வேண்டும். சரியான விடைகளைப் பார்ப்பதற்கு முன்னால் அதே பேசேஜை நேரக் கணக்கில்லாமல் இன்னொரு முறை போடட்டும். இரண்டாம் முறை சரியானால் அவசரத்தில் போனது. இரண்டாம் முறையும் அதே தப்பானால் அதுதான் நோட்டில் ஏறவேண்டியது: தேர்ந்தெடுத்த ஆப்ஷன், அது ஏன் பிடித்தது, சரியான விடைக்கு ஆதாரமான வரி, எந்த ரகப் பொறி. 'கவனக்குறைவு' என்று எழுதினால் செல்லாது என்று சொல்லிவை, அதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடலாம்.

பத்துப் பேசேஜ் முடிந்ததும் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும், பொறியின் பெயர் இருக்கிற கட்டத்தை, படமெடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். மார்க் எவ்வளவு என்று அனுப்பவேண்டாம்.

அன்புடன்,
வேலு