லவுஞ்ச் வாசலில் திரும்பி வந்த அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை திருச்சியிலிருந்து விமானம் ஏறுவேன். இது தெரிந்தோ என்னவோ, சென்ற ஆண்டு வங்கியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "அம்மா, இந்த டிராவல் கிரெடிட் கார்டு இருந்தா ஏர்போர்ட்ல சாப்பாடு இலவசம்" என்றான். ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய். சரி என்றேன். பில்லில் வந்ததோ 5,900. ஜிஎஸ்டி 18 சதவீதத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

தை மாதம் டில்லியில் ஒரு கல்யாணம். நானும் கணவரும் சென்னை விமான நிலைய லவுஞ்ச், அதாவது அந்த இலவசச் சாப்பாடு கிடைக்கும் ஓய்வறை, வாசலில் நின்றோம். அட்டையைத் தேய்த்த பெண், "எலிஜிபிள் இல்லை மேடம்" என்று திருப்பிக் கொடுத்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். முந்தைய காலாண்டில் 75,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். மளிகை, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் சேர்த்தாலும் எங்கள் மூன்று மாதச் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டாது. வெளியே குடித்த இரண்டு காபியின் விலையை எழுத மனமில்லை.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன். என்னிடம் ஏற்கெனவே உள்ள கட்டணமில்லாத அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்அப், அதாவது வங்கி மேலே வைக்கும் கூடுதல் கட்டணம். புதியதில் 2 சதவீதம். இரண்டின் மேலும் ஜிஎஸ்டி. சிங்கப்பூரில் 60,000 ரூபாய் செலவழித்தால் பழையதில் 2,478, புதியதில் 1,416. மிச்சம் 1,062. அதற்குக் கட்டணம் 5,900! "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சிரித்தார் கணவர். இந்த வழியில் மட்டும் கட்டணத்தை மீட்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு மூன்றே கால் லட்சத்துக்கு மேல் வெளிநாட்டில் செலவழிக்க வேண்டும். செலவுக்கு ஏற்ப வங்கி பரிசாகத் தரும் பாயின்ட் உண்டே என்பார்கள். எனக்குச் சேர்ந்தது ஆயிரம் ரூபாயைக்கூடத் தொடவில்லை. மாதம் இருமுறை பறக்கும் என் தம்பி மகனுக்கு இதே மாதிரி அட்டை லாபம்தான், மறுக்கவில்லை.

அட்டை விதிமுறைகள் எளிய மொழியில், முடிந்தவரை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. எனக்கு வந்தது பொடி எழுத்தில் ஆங்கிலத் தாள்கள். விற்கும்போது தேனாகச் சொட்டிய தமிழ், நிபந்தனைக்கு மட்டும் எங்கே போனது? 'முடிந்தவரை' என்பதைக் 'கட்டாயம்' என்று மாற்றட்டும். ஜிஎஸ்டி சேர்த்த கட்டணமும் லவுஞ்ச் நிபந்தனையும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வரட்டும்.

அட்டையை ரத்து செய்யச் சொன்னதும் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று தினமும் போன். பாக்கி இல்லாத அட்டையை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருந்தது. அதைச் சொன்ன பிறகு போன் நின்றது. ஐந்தாம் நாள் மூடிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. 5,900 ரூபாய் போனது போனதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.