"மிஸ், கவர்மென்ட் காலேஜ் கிடைக்குமா?" – பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நீட் முடிவு வந்த அன்று மாலை பல வீடுகளிலிருந்து முதல் போன் உங்களுக்குத்தான் வருகிறது. "மிஸ், 480 எடுத்திருக்கேன், கவர்மென்ட் காலேஜ் கிடைக்குமா?" கிடைக்காது என்று நீங்கள் சொன்னால், அன்றிரவே அந்த வீட்டார் ஏதாவது ஒரு ஏஜென்டைத் தேடிப் போகிறார்கள். கட்டாயம் கிடைக்கும் என்று சொன்னால், கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் நான்கே கல்லூரிகளைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளைக்குத்தான் இழப்பு. அதனால்தான் இந்த மடலைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதல் வேண்டுகோள்: மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். 2024இல் திருத்தப்பட்ட முடிவின்படி 720க்கு 720 எடுத்தவர்களே 17 பேர். 2025இல் இயற்பியல் கடினமாக இருந்தது. நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. 600க்கு மேல் எடுத்தவர்கள் 2024இல் பல பத்தாயிரம் பேர். 2025இல் ஏறத்தாழ 1,300 பேர்தான். போன வருடக் கட்-ஆஃபைக் கையில் வைத்துக்கொண்டு 2025 மாணவரிடம் பேசிய எவரும் அவரைத் தவறாகவே வழிநடத்தியிருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தகுந்தது ரேங்க் ஒன்றுதான். மாநிலத் தரவரிசைப் பட்டியல் வரும்வரை அகில இந்திய ரேங்க். அது வந்த பிறகு மாநிலப் பட்டியலில் உள்ள பொதுத் தரவரிசை எண்ணும் இனவாரித் தரவரிசை எண்ணும் (பி.சி., எம்.பி.சி. போன்ற தன் பிரிவுக்குள் மாணவரின் இடம்).

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். 'நீட்டில் தகுதி' என்பது வேறு, 'இடம்' என்பது வேறு. 2025இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144; ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. அதை எட்டிய பிள்ளையிடம் "நீ டாக்டர் ஆகத் தகுதி பெற்றுவிட்டாய்" என்று வாழ்த்துச் சொல்லி வீட்டுக்கு வருபவர், பெரும்பாலும் லட்சங்களில் பேரம் பேசவே வருகிறார்.

இனவாரி எண்ணைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 100 இடம் உள்ள ஓர் அரசுக் கல்லூரியைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 15 இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85. அதில் 7.5 சதவீதம், அதாவது 6 இடம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மிஞ்சிய 79இல் பொதுப் போட்டிக்கு 31 சதவீதம் 24 இடம், பி.சி.க்கு 26.5 சதவீதம் 21, பி.சி. முஸ்லிமுக்கு 3.5 சதவீதம் 3, எம்.பி.சி.க்கு 20 சதவீதம் 16, எஸ்.சி.க்கு 15 சதவீதம் 12, அருந்ததியருக்கு 3 சதவீதம் 2, எஸ்.டி.க்கு 1. (மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கான இடங்களைக் கணக்கு எளிமைக்காக விட்டிருக்கிறோம்.)

இப்போது ஒரு பி.சி. மாணவியின் இனவாரி எண் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். "பி.சி.க்கு 21 இடம்தான், உனக்கு 30, கிடைக்காது" என்பதுதான் வழக்கமான பதில். அது தவறு. இனவாரிப் பட்டியலில் அந்த இனத்தவர் எல்லாரும் இருப்பார்கள், பொதுப் போட்டியிலேயே இடம் பிடிக்கப் போகிறவர்கள் உட்பட. பொதுப் போட்டியின் 24 இடங்களில் 10 பி.சி. மாணவர்களுக்குப் போனால், பி.சி.யின் 21 இடங்கள் 31ஆம் எண் வரை இறங்கும். அந்த மாணவிக்கு இடம் உண்டு. ஆகவே, போன ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் மாணவரின் இனத்தில் அரசுக் கல்லூரி பெற்ற கடைசி நபரின் இனவாரி எண் எது என்று பாருங்கள். அதை எல்லாச் சுற்றுகளுக்கும் பாருங்கள்.

சுற்றுகள் முக்கியம். பட்டியலின் முன்வரிசையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் எய்ம்ஸ், ஜிப்மர், அகில இந்திய ஒதுக்கீடு என்று வெளியே போவார்கள். அவர்கள் விடும் இடங்களால் அடுத்த சுற்றில் பட்டியல் நகரும். உங்கள் மாணவரின் எண் போன ஆண்டின் முதல் சுற்றுக் கடைசி எண்ணுக்கு நன்றாக முன்னால் இருந்தால் நம்பிக்கையாகச் சொல்லலாம். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் இருந்தால், "காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள். கடைசிச் சுற்று எண்ணையும் தாண்டியிருந்தால், அரசுக் கல்லூரியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். புதிய கல்லூரிகளோ கூடுதல் இடங்களோ வந்த ஆண்டில் இந்த எல்லைகள் தள்ளிப் போகும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர் உள்ளிட்ட 11 புதிய அரசுக் கல்லூரிகள் 1,450 இடங்களுடன் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அப்படியொரு ஆண்டில் பழைய எல்லைகள் உதவாது.

அடுத்து விருப்பப் பட்டியல். கைக்கு வந்த இடம் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். மென்பொருள் செய்யும் வேலை எளியது. தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும், அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும், காலியாக இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுக்கும், அத்தோடு நிறுத்திவிடும். சென்னை மருத்துவக் கல்லூரியை முதலில் போட்டதற்காக ஐந்தாவதாகப் போட்ட கல்லூரியில் வாய்ப்புக் குறைவதே இல்லை. ஆனால் "எனக்கு ஸ்டான்லி எங்கே கிடைக்கப் போகிறது" என்று அதைக் கீழே தள்ளினால், கிடைக்கக்கூடிய நாளிலும் அதற்கு மேலே போட்ட கல்லூரிதான் வரும். எனவே பட்டியலின் வரிசையை ஆசை தீர்மானிக்கட்டும். வாய்ப்புக் கணக்கு தேவைப்படுவது பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான். நடு எல்லையில் இருக்கும் மாணவர், போய்ப் படிக்க முடியும் என்று நினைக்கும் எல்லா அரசுக் கல்லூரிகளையும் போட வேண்டும், வீட்டிலிருந்து எட்டு மணி நேரப் பயணமானாலும்.

பட்டியல் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பணம். அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய் அளவில்தான். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நாலரை லட்சம் அளவில் ஆகும். நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 20 லட்சத்தைத் தாண்டும். விடுதி, உணவு, புத்தகம் தனி. படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி. முதல் ஆண்டுப் பணத்தைப் புரட்டிக்கொண்டு சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் தவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இடையில் நின்றால் தண்டத் தொகையும் கட்ட வேண்டும். மொத்தப் படிப்புக்கும் ஆகும் தொகையைப் பெற்றோர் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் எந்தச் சுயநிதிக் கல்லூரியையும் பட்டியலில் ஏற்றவிடாதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கே தனியே ஒரு சொல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேலே சொன்ன பணக்கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. "தனியார் காலேஜ் நமக்கு வேண்டாம்" என்று பயந்து பின்வாங்கும் பெற்றோருக்கு இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைசி நேர ஏமாற்றம் இருக்காது. மூன்று பள்ளிகளில் மாறிப் படித்த பிள்ளைக்கு மூன்று தலைமையாசிரியர்களின் சான்று தேவைப்படும். அதை மே மாதத்துக்குள் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு அலைய நேரம் போதாது. இவர்களுக்கான கலந்தாய்வு அண்மை ஆண்டுகளில் சென்னையில் நேரடியாக நடந்திருக்கிறது. திரையில் காலியிடம் தெரியும். சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே விருப்ப வரிசையைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்தும் கலந்தாய்வு தனி. அதற்குத் தனியே பதிவு செய்ய வேண்டும். நம் மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு அங்கே கிடையாது, ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 என்ற மத்திய அரசுக் கணக்குதான். பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் அங்கே ஓ.பி.சி. ஆக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். அவர்களின் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். வட்டாட்சியரிடமிருந்து மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. அதற்கான எட்டு லட்சம் ஆண்டு வருமான வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதைச் சில அலுவலகங்களில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். குரூப் ஏ பணி போன்றவற்றில் இருக்கும் பெற்றோருக்கு வேறு விதி.

ஓ.பி.சி. இடத்தை இழக்க வைக்கும் தவறு நடப்பது ஜூன் மாதத்தில் அல்ல, நீட் விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே. விண்ணப்பத்தில் 'பொது' என்று போட்டுவிட்டால், எம்.சி.சி. அந்தத் தகவலைத்தான் எடுத்துக்கொள்ளும், பிறகு ஓ.பி.சி. என்று மாற்ற முடியாது. இண்டர்நெட் சென்டரில் அவசரமாக நிரப்பப்பட்ட விண்ணப்பங்களை, திருத்தம் செய்ய அனுமதிக்கும் நாட்களில் உங்கள் பள்ளியிலேயே ஒருமுறை சரிபாருங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேர வேலை.

எம்.சி.சி.யில் முதல் சுற்றில் இடம் கிடைத்துச் சேராமல் விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் அப்படி விட்டால் முன்பணம் போகும். அரசு இடங்களுக்கு அது பொதுப் பிரிவுக்கு 10,000, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5,000. நிகர்நிலைக்கு இரண்டு லட்சம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தபின் விலக முடியாது. கடைசியில் நடக்கும் எஞ்சிய இடச் சுற்றில் ஒதுக்கீடு பெற்றுச் சேராதவர் முன்பணத்தை இழப்பதோடு அடுத்த நீட் எழுதவும் தடை வரும். "சும்மா போட்டுப் பார்க்கலாம்" என்று அந்தச் சுற்றில் நிகர்நிலைக் கல்லூரியைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு யாரும் உதவ முடியாது. மேம்பாடு (கிடைத்ததைவிட மேலான இடம்) கேட்கும் போதும் கவனம் வேண்டும்: புதிய இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். கையில் இருக்கும் கல்லூரியைவிட உண்மையிலேயே மேலான கல்லூரிகளை மட்டும் புதிய பட்டியலில் போட வேண்டும். மாநிலக் கலந்தாய்வின் விதிகள் இதிலிருந்து மாறுபடலாம். அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை ஒரு பிரதி அச்சிட்டு ஆசிரியர் அறையில் வையுங்கள்.

எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பார்கள். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறந்த கல்லூரியும் ஒன்றல்ல. பழைய கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் நிறைய, துறைகள் நிறைய. ஆனாலும் எங்கள் கருத்தில், ஒரு புதிய மாவட்ட அரசுக் கல்லூரிக்கும் பழைய கல்லூரிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைக்கும் கட்டில்கள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி 100 இடத்துக்கு 420 படுக்கை, 150 இடத்துக்கு 605 படுக்கை வேண்டும். காகிதத்தில் எல்லாரிடமும் அந்த எண் இருக்கும். சுயநிதிக் கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோரை ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்லாதீர்கள். சாதாரண வேலைநாளில் காலை பத்து மணிக்குப் புறநோயாளர் பிரிவிலும், மாலையில் பொது மருத்துவம், மகப்பேறு வார்டுகளிலும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரசவம் பார்க்காத மருத்துவமனையில் பிரசவம் கற்க முடியாது. அந்த ஆண்டு ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2021 விதிகளின்படி ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300க்கு 150, அதன்பின் இங்கே மீண்டும் 12 மாதப் பயிற்சி. அண்மைய ஆண்டுகளில் அந்தத் தேர்வில் தேறுவோர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். ஏஜென்ட் காட்டும் கட்டணத்தில் இந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளின் செலவு இருக்காது.

எண் எட்டாத பிள்ளைகளுக்கும் வழி சொல்ல வேண்டும். பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதி நீட் மதிப்பெண்ணில் வரும். கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள், செவிலியர் படிப்பு, துணை மருத்துவப் படிப்புகள் பல பிளஸ் டூ மதிப்பெண்ணில் வரும். பிளஸ் டூ மதிப்பெண்ணில் வரும் படிப்புகளின் விண்ணப்பத் தேதி நீட் கலந்தாய்வு தொடங்கும் முன்பே முடிந்துவிடலாம். நீட்டை மட்டும் நம்பி இவற்றை விட்டுவிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய மூன்று, நான்கு நாட்கள்தான் தருவார்கள். அந்த நாட்களில் உங்கள் பள்ளியின் கணினி அறையை மாலை ஏழு மணி வரை திறந்து வையுங்கள். ஒரு பிரின்டரும், கணக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். பட்டியலை லாக் செய்வதற்கு முன் அச்சிட்டு, அந்தப் பிள்ளையும் பெற்றோரும் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்: "இது கிடைத்தால் போவாயா?" போகமாட்டேன் என்ற வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கலந்தாய்வில் மாணவர்களுக்கு உதவும் சிலர்