2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரமொதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வவுனியா நகரத்தில் ஓட்டோவும் லொறியும் ஓடிப் பிழைக்கும் எங்கள் சங்கத்தின் சென்ற வருட நடவடிக்கைகளை யாப்பின்படி உங்கள் முன் வைக்கிறேன். வராதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் இம்முறை எழுத்தில் தருகிறேன். கூட்டம் நடத்த மூன்றிலொரு பங்கினர் வேண்டும் என்று யாப்பு சொல்கிறது. அந்தத் தொகை சேராமல் சென்ற வருடம் இரண்டு கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அதே நாட்களில் பஸ் நிலையத் தரிப்பிடத்தில் நிற்க இடமில்லாத அளவுக்கு அங்கத்தவர்கள் நின்றார்கள் என்பதையும் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. ஆயுதபூசை நடைபெற்றது. காலமான அங்கத்தவர் ஒருவரின் குடும்பத்துக்கு மரண உதவி வழங்கப்பட்டது. வண்டிக்கு இவ்வளவுதான் என்று எரிபொருள் பங்கிட்ட கியூ.ஆர். முறை செப்டெம்பரில் நிறுத்தப்பட்டதால் அது பற்றிய எங்கள் மகஜர் தேவையற்றுப் போயிற்று.

இனி, வருடம் முழுவதும் பலர் பின்னால் பேசியதும் முன்னால் கேட்காததுமான விடயத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. பற்றி எங்கள் அங்கத்தவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று நாங்கள் எடுத்த கணக்கெடுப்புப் பற்றியது.

"எங்களை ஏன் உந்தப் பட்டியலில சேர்த்தியள்?" என்று கேட்டார்கள். எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்துள்ளோர் பட்டியலைத்தான் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. சுகாதார அமைச்சு 2006, 2007இல் நடத்திய நடத்தைக் கணக்கெடுப்பிலேயே முச்சக்கரவண்டிச் சாரதிகள் ஒரு பிரிவாக இருந்தார்கள். பாலியல் தொழிலாளர், போதைப்பொருள் பாவிப்போர், தொழிற்சாலைப் பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். சாரதி என்றால் கெட்டவன் என்பது அதன் அர்த்தமல்ல. வீட்டை விட்டுத் தூரத்தில் இரவு தங்குகிறவர், கையில் காசு புழங்குகிறவர், யார் யாரோ ஏறி இறங்கும் வண்டி வைத்திருப்பவர் என்பதுதான் கணக்கு. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போய் விடியும் வரை சந்தை வாசலில் காத்துக் கிடப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி, "சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன்?" என்பது. வைத்தியசாலையிலிருந்து வந்த தாதி அம்மா இதற்குச் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. போர் நடந்த இடத்தில் இந்த நோய் தானாகவே கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அங்கோலாவில் 1975 தொடக்கம் 2002 வரை போர் நடந்தது. முடிந்தபோது அங்கே தொற்று, பக்கத்து நாடுகளான சாம்பியாவையும் நமீபியாவையும் விட மிகக் குறைவாக இருந்தது. பாதை மூடிக் கிடந்தால் மனிதர் போக்குவரத்தும் இல்லை, கிருமிக்கும் போக்குவரத்து இல்லை. கவனிக்க வேண்டியது பாதை திறந்த பிறகுதான். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2006 ஓகஸ்ட் முதல் மூடிக் கிடந்ததும், போர் முடிந்து திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறிகள் வரிசை கட்டி நின்றதும் எங்களுக்குத் தெரியாததா? பாதையோடு லொட்ஜ் வந்தது, ஆடைத் தொழிற்சாலை வந்தது, வேலை தேடி வெளி மாவட்டத்தார் வந்தார்கள்.

இலங்கையில் தொற்று இன்னும் குறைவுதான், வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆனால் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 2022இல் 607 பேர், 2023இல் ஏறத்தாழ 700 பேர். கூடிக்கொண்டு போகிறது.

கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் குறை சொன்னவர்களில் அன்றைக்கு வந்திருந்தவர் யாரும் இல்லை. முதலில் எங்களுக்குத் தரப்பட்டது ஒரு படிவம். முதல் வரியில் பெயர், அடுத்து அடையாள அட்டை இலக்கம், அடுத்து வீட்டில் எத்தனை பேர். நான் அதை வேண்டாம் என்றேன். இந்த ஊரில் இந்த மூன்று கேள்வியையும் இந்த ஒழுங்கில் கேட்டவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் இந்த ஊரில் தங்குவதற்கு ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ் என்று வரிசையில் நின்றவர்கள் நாங்கள். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் எத்தனை தடவை பதிந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. கையில் பேனையும் கடதாசியும் வைத்திருப்பவனுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்லிப் பழகிய சனம் நாங்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "நீ ஆரோட படுத்தனி?" என்று கேட்டால் உண்மையா வரும்?

ஆகவே பெட்டி முறை. கூட்டமாக இருத்தி, கேள்வியைத் தாதி அம்மா சத்தமாக வாசிப்பார். ஒவ்வொருவர் கையிலும் கேள்வி இலக்கமிட்ட சிறு அட்டைகள் மட்டும் இருக்கும், பெயர் கிடையாது. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், ஆம் என்றால் ஒரு பெட்டி, இல்லை என்றால் மற்றப் பெட்டி. பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்றுதான் முதலில் யோசித்தோம். கட்சி நிறம் என்று கதை வரும் என்பதால் வட்டமும் புள்ளடியும் போட்ட இரண்டு பிஸ்கட் பெட்டிகளாக மாற்றினோம். திரைக்குப் போட்ட சேலை என் மனைவியுடையது. அதற்குச் சங்கத்தில் காசு எடுக்கவில்லை. மண்டபம் தருவதாகச் சொன்ன ஓரிடத்தில், விடயம் என்னவென்று தெரிந்ததும் திறப்பு தொலைந்துவிட்டது என்றார்கள். அதனால் எங்கள் தகரக் கொட்டகையிலேயே நடத்தினோம்.

கேள்விகள் என் மூளையில் உதித்தவையல்ல. பல நாடுகளில் கேட்கப்படுபவை. நுளம்பு கடித்தால் தொற்றுமா? ஒரே கோப்பையில் சாப்பிட்டால் தொற்றுமா? பார்வைக்குச் சுகமாக இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருக்க முடியுமா? எச்.ஐ.வி. உள்ள வியாபாரியிடம் மரக்கறி வாங்குவீர்களா? எச்.ஐ.வி. உள்ள பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் இருக்கலாமா?

சதவீதம் போட வேண்டாம், இது வந்தவர்களின் கணக்கே தவிர ஊரின் கணக்கல்ல என்று தாதி அம்மா சொல்லியிருப்பதால் இலக்கம் தரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மரக்கறிக் கேள்வியை முதலில் வாயால் கேட்டபோது கொட்டகை முழுக்க "வாங்குவம், வாங்குவம், அவிச்சுத்தானே சாப்பிடுறம்" என்ற சத்தம். அதே கேள்விக்கு, இல்லை என்பதற்கான புள்ளடிப் பெட்டி நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடக் கேள்வியும் அப்படித்தான். 2016இல் குளியாப்பிட்டியில், தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்ற வெறும் கதையை வைத்து ஒரு சின்னப் பெடியனைப் பள்ளிக்கூடத்தில் இருக்கவிடாமல் பெற்றோர் மறித்த செய்தியைப் பார்த்து "உதென்ன அநியாயம்" என்று சொன்னவர்கள்தான் நாங்கள். படிவத்தோடு வீடு வீடாகப் போயிருந்தால் நாங்களும் "வாங்குவம்" என்றே எழுதிக்கொண்டு வந்திருப்போம், அறிக்கையும் அழகாக இருந்திருக்கும்.

நுளம்பு என்று பலர் நம்புகிறார்கள். தொற்றாது. ஆளின் முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றும் நம்புகிறார்கள். தெரியாது. ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது என்பது பெரும்பாலோருக்குப் புதுச் செய்தி. மருந்து அரச சிகிச்சை நிலையங்களில் இலவசம். பரிசோதனை செய்தவர்கள் யார் என்று பார்த்தால், மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் செய்தவர்கள்தான். "வெளிநாடு போன பெண்டுகள்தான் கொண்டு வருகினம்" என்ற பேச்சுக்கும் இதுதான் அடி. அவர்களைச் சோதித்தார்கள், கண்டார்கள். எங்களை யார் சோதித்தார்?

ஆணுறை பற்றித் தெரியாதவர் இல்லை, வண்டியில் வைத்திருப்பவரும் மிகக் குறைவு. பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது, மனைவி கண்டால் என்ன சொல்வது என்பதே காரணம். வைத்திருப்பது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. ஆனால் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பாலியல் தொழில் என்று பெண்களைப் பிடிக்கும்போது கைப்பையில் இருக்கும் ஆணுறை சாட்சியாகிவிடுகிறது. அந்தப் பயம் ஓட்டோ வரைக்கும் வருகிறது. அந்தப் பெண்களிடமும் கேட்கலாமே என்று ஒருவர் சொன்னார். கேட்க வேண்டியதுதான், ஆனால் நாங்கள் அல்ல. ஏற்றி இறக்குகிறவனே கேள்வியும் கேட்டால் அந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? அவர்களில் ஒருவரே மற்றவரை அழைத்து வரும் முறை இருக்கிறது. அதைச் சுகாதாரப் பகுதியினர் செய்யட்டும்.

மூத்த அங்கத்தவர் ஒருவர் வீடு தேடி வந்து, "தம்பி, மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். உந்தச் சங்கத்தில எயிட்ஸ் கணக்கெடுப்பு எண்டு கதை போனா ஆர் வந்து பொம்பிளை கேப்பினம்?" என்றார். அவரது கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையை ஊருக்குள் கொண்டுபோனது பெட்டியல்ல, வராமல் இருந்து கதைத்தவர்கள்.

கணக்கறிக்கை பொருளாளரிடம் உண்டு. சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, மீதி சிறிது. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் மீதி இன்னும் மரியாதையாக இருந்திருக்கும். கணக்கெடுப்புக்குச் சங்கப் பணத்தில் போனது அட்டையும் தேநீரும் மட்டுமே. மாறாகச் சொல்பவர்கள் பற்றுச்சீட்டைப் பார்க்கலாம்.

தாதி அம்மாவுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவர் அவர்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் வருடம் இதே கேள்விகளை இதே பெட்டியில் மறுபடி கேட்டால்தான் ஏதும் மாறியதா என்று தெரியும். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் கொட்டகைக்கே வரத் தயார் என்று சிகிச்சை நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். முடிவு அவரவர் கையில் மட்டும் தரப்படும். அதற்குக் கொட்டகையின் ஒரு பக்கம் மறைக்க வேண்டும், தகரம் வாங்க வேண்டும். செயலாளர் பதவிக்கு வேறொருவர் வர விரும்பினால் நான் வழிவிடத் தயார். இதுவரை யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை. சந்தா நிலுவைப் பட்டியலை இன்று பெயரோடு வாசிக்கப் பொருளாளர் ஆயத்தமாக வந்திருக்கிறார். அதைத் தேநீருக்கு முன் வாசிப்பதா, பின் வாசிப்பதா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்