சார், நான் வேலையை விடுகிறேன்

அன்புள்ள சார்,

ராஜினாமா மெயில் வந்திருக்கும். அதில் 'சொந்தக் காரணம்' என்று போட்டிருந்தேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், அதனால் ஆபீஸ் பெயரும் கிளையன்ட் பெயரும் வராது. பயப்படாதீர்கள்.

ஆர்க்கிடெக்சர் காலேஜில் நீங்கள் எனக்குப் பாடம் எடுத்த காலம், மூன்றாம் வருஷம் சைட்டுக்குக் கூட்டிப்போனீர்களே, அந்த மத்தியானம். என் டிராயிங்கை விளையாட்டாக வாங்கிப் பார்த்த மேஸ்திரி, "படி ஏறுறப்போ பீம்ல தலை இடிக்குமேம்மா" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. நீங்கள் செங்கல் துண்டு ஒன்றைப் பொறுக்கி, பூசின சுவரிலேயே படியைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி செக்‌ஷன் போட்டீர்கள். பீமின் அடிப்பக்கம் தரையிலிருந்து 9 அடியில், படி ஒவ்வொன்றும் 6 அங்குலம். நாலாவது படியைத் தாண்டி பீம் வந்தால் தலைக்கு மேல் 7 அடி கிடைக்காது. சட்டைக் கையெல்லாம் செங்கல் தூள் உங்களுக்கு. ஐந்து வருஷப் படிப்பில் எனக்குக் கட்டடம் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

அப்படிப்பட்ட நீங்கள், எங்கள் டிசைனுக்கு மார்க் போடுகிற ஜூரியில் உட்கார்ந்தால் மட்டும் ஏன் சார் "கான்செப்ட் என்ன?" என்பதைத் தாண்டவே இல்லை? தாமரை, நத்தை என்று எதையாவது சொல்லி, ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் ரெண்டர் படம் போட்டு ஒட்டினால் மார்க். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் கேட்டதில்லை. குறைந்த செலவில் வீடு கட்டின ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரை ஸ்லைடில் காட்டினீர்கள். ராட் ட்ராப் பாண்ட், அதாவது சுவருக்குள்ளே இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குகிற முறை, செங்கல் கால்வாசி மிச்சம்; மனப்பாடம் செய்து எழுதினேன். கட்டிப் பார்க்க நூறு செங்கல் வாங்கித் தந்திருக்கலாம்.

படிப்பு முடிந்து உங்கள் ஆபீஸுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி, சென்னை மே மாத வெயிலில். "கிளையன்ட் கேட்கிறார்" என்பீர்கள். நீங்களும் மாசாமாசம் எங்களுக்குச் சம்பளம் போடணும், புரிகிறது. (எவ்வளவு போடுகிறீர்கள் என்பது இங்கே வேண்டாம்.) 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்துக்குத்தான் காவல், கட்டடம் வடிவமைக்கிற வேலைக்கு இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நம் ஆபீஸே கொதித்தது. எனக்கு அந்த மேஸ்திரி முகம்தான் ஞாபகம் வந்தது.

நேரில் சொல்லாததற்கு மன்னியுங்கள். சொன்னால் "இரும்மா, காபி சாப்பிடு" என்பீர்கள், நானும் இருந்துவிடுவேன்.

இனி ஊரில் ஒரு மேஸ்திரியோடு சேர்ந்து சின்னச் சின்ன வீடுகள். உங்களிடம் கற்றதுதான் சோறு போடப்போகிறது. ஆனால் இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபெண்ட் கேட்டதற்கு "கத்துக்கத்தானே வந்தே" என்றீர்களே, அது இன்னும் ஆறவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற இன்டர்ன் பெண் ரெண்டு பஸ் மாறி வருகிறாள் சார். அவளுக்காவது கொடுத்துவிடுங்கள்.