மருந்துச் சீட்டுக்கு முன்னால் வர வேண்டிய பதில்

வளரும் நாடுகளின் மக்கள் நல்வாழ்வுத் துறைகளில் திட்டம் வகுப்பவர்களுக்கு,

வணக்கம். மரபணுப் பரிசோதனையை அன்றாட மருத்துவத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் பேசத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எந்திரத்திலும் கட்டடத்திலுமே நிற்கிறது. எத்தனை ஆயிரம் பேரின் மரபணுத்தொகையைப் படிப்பது, ஆய்வுக்கூடத்தை எங்கே அமைப்பது என்றே போகிறது. புறநோயாளிப் பிரிவில் மருந்துச் சீட்டு எழுதும் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சீட்டு எழுதுவதற்கு முன் எனக்குத் தேவைப்படும் அந்த ஒரு பதில், நேரத்துக்கு என் மேசைக்கு வந்து சேருமா?

கார்பமாசிபைனையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் பழைய, மலிவான மாத்திரை. பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்ற கொடிய தோல் நோயைக் கொண்டுவந்துவிடும். முதலில் காய்ச்சல், கண் எரிச்சல். அம்மையோ, சாதாரண ஒவ்வாமையோ என்று நினைப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். அப்புறம் உதடும் வாயும் வெந்துபோகும், தோல் கொப்புளித்து உரியும். பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது. ஐரோப்பியர்களிடம் மிக அரிதான இந்த மரபணு வகை, தென்கிழக்கு ஆசிய மக்கள் பலரிடம் சகஜம். தைவானில் ஏறக்குறைய 4,900 பேரை, மாத்திரை தொடங்கும் முன்பே சோதித்துப் பார்த்தார்கள். 100க்கு 8 பேர் அளவில் அந்த வகை இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய், ஒருவருக்குக்கூட வரவில்லை. 2011இல் வெளியான முடிவு இது.

சரி, சோதனையைக் கட்டாயமாக்கினால் தீர்ந்தது என்று தோன்றும். ஹாங்காங்கில் நடந்ததையும் பாருங்கள். கார்பமாசிபைன் தொடங்கும் முன் சோதிக்க வேண்டும் என்று 2008இல் அங்கே கொள்கை வகுத்தார்கள். அந்த மாத்திரையால் வரும் தோல் நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் வலிப்பு மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நோய் குறையவே இல்லை. சோதனையைத் தவிர்க்கும் வழியாக மருத்துவர்கள் வேறு மாத்திரைகளுக்குத் தாவிவிட்டார்கள். அவற்றில் ஒன்றான பெனிட்டாயினும் இதே நோயைக் கொண்டுவரக்கூடியதுதான். அந்த மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வலிப்பு வந்தவரிடம், முடிவு வரட்டும், அதுவரை பொறுங்கள் என்று வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்? வசதியான ஹாங்காங்கிலேயே இப்படி என்றால், ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவர் இரண்டாம் முறையும் வருவார் என்று எப்படி நம்புவது?

காசநோயில் இந்தச் சிக்கலை நீங்கள் ஏற்கெனவே ஓரளவு அவிழ்த்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒப்புதல் அளித்த எக்ஸ்பெர்ட் சோதனை, சளியிலுள்ள கிருமியின் மரபணுவைப் பார்த்து, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. கிருமியின் மரபணு வேறு, மனிதருடையது வேறு என்பது உண்மைதான். ஆனாலும் சோதனை நோயாளிக்கு அருகில் இருந்தால்தான் சிகிச்சை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முடிவு வந்த பிறகு அது எங்கே போகிறது என்பதும் முக்கியம். மரபணு வகை ஆயுளுக்கும் மாறாது. ஒருமுறை சோதித்தால் போதும். ஆனால் நோயாளி கொண்டுவரும் பிளாஸ்டிக் பையில் மடிந்து கிழிந்த பழைய சீட்டுகளுக்கு நடுவே அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள், தெரியும். பாங்காக்கின் ராமாதிபோடி மருத்துவமனையில் இந்த முடிவை மணிபர்ஸில் வைக்கும் அளவுக்குச் சிறிய அட்டையாகவே கொடுக்கிறார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, அட்டைதான்.

எல்லாவற்றுக்கும் மரபணுவைப் படிக்க வேண்டியதும் இல்லை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, மலேரியா மருந்தான பிரிமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்; அந்தக் குறைபாட்டை மருந்து கொடுக்கும் முன் நொதிச் சோதனையிலேயே அறியலாம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவைச் சுமப்பவர்களை முதலில் ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் மரபணு.

பெரிய மரபணுத்தொகைத் திட்டங்களை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில், இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் என்று குறிக்கப்பட்ட சில மரபணு மாற்றங்கள், உண்மையில் கறுப்பினத்தவர் பலரிடம் தீங்கின்றி இருப்பவை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒப்பிட்டுப் பார்த்த தரவில் அவர்கள் போதிய அளவு இல்லாததால் வந்த வினை இது. நம் மக்களின் தரவு நம்மிடம் இல்லாவிட்டால் நமக்கும் அதே கதிதான். ஆனால் அதன் பலன் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். மாத்திரை இன்றைக்கே எழுதப்படுகிறது.

அடுத்த முறை ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, எந்திரத்தின் விலையோடு சேர்த்து, முடிவு எத்தனை நாளில் மருத்துவர் கைக்கு வர வேண்டும், தாமதமானால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். சோதனைக்கான செலவை நோயாளி தலையில் கட்டாதீர்கள். கார்பமாசிபைன் கூடாது என்று முடிவு வந்தால் கொடுப்பதற்கு மருந்தகத்தில் லெவடிரசெட்டம் போன்ற மாற்று மருந்து இருக்க வேண்டும். அதன் கொள்முதலையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். தனிக் கோப்பாகப் போனால் எப்போது திரும்பி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
புறநோயாளிப் பிரிவு மருத்துவர் ஒருவர்