கையேடு எழுதுபவர் இனி வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் கருவிகளுக்குக் கையேடு எழுதும் தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கு வேலை இருக்காது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினொரு ஆண்டுகளாக நான் செய்யும் வேலை அது. முதலில் சென்னையில் இருந்தேன். இப்போது பாம்பனில் அம்மா வீட்டிலிருந்தே எழுதுகிறேன்.

சென்ற மாதம் அண்ணன் தன் நாட்டுப்படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். வாங்கினார். ஆழம் காட்டும் வசதியும் அதிலேயே உண்டு. கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அண்ணன் மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து நொடியில் தமிழாக்கிக் கொடுத்தான். படகின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் 'ஹெடிங்' அதில் 'தலைப்பு' என்று இருந்தது. போக வேண்டிய இடத்தின் திசையைச் சொல்லும் 'பேரிங்', எஞ்சின் உறுப்பான 'தாங்கி' ஆகிவிட்டது. "இது எஞ்சினையும் சோதிக்குமா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) 1974இலும் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அந்தத் திரையில்தான் தெரியும். திசை பிசகினால் படகும் போய்விடும், ஆளும் சிறைக்குப் போவார்.

அந்தக் கருவியில் இன்னொரு பொத்தானும் உண்டு. ஆள் கடலில் விழுந்த கணத்தில் அழுத்தினால், விழுந்த இடத்தைத் திரையில் குறித்துவைக்கும். பழைய கருவியிலும் அது இருந்ததாம். ஆறு ஆண்டுகளாக அது எதற்கென்று படகில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நானே தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். 'சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்' என்று எழுதிக்கொண்டு படகில் ஏறினால், இருட்டில் சிவப்பும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை. 'வலது ஓரம், கீழிருந்து இரண்டாவது' என்று மாற்றினேன். ஆழத்தை மீட்டரில் வைத்திருந்தேன். "நாங்கள் பாகத்தில்தானே பேசுவோம்" என்றார் அண்ணன். ஆறடி ஒரு பாகம். அந்த அளவும் கருவியின் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்தவரை எனக்கும் இவையெல்லாம் தெரியாது. எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படிப் போய்ப் பார்ப்பதும் கேட்பதும்தான். வாக்கியம் அமைப்பது கடைசியில் வருவது.

கட்டுரையாளரின் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தித்தான் நான் தொழில் கற்றேன். அந்த வேலையை இன்று இயந்திரம் செய்துவிடுகிறது. புதிதாக வரும் பிள்ளைகள் எங்கே போய்க் கற்பார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று 1986இலேயே எளிய ஆங்கில விதிகளை வகுத்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியம் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த விதிகள் அவை. தமிழிலும் இந்த அக்கறைக்கு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். எங்கள் கடலுக்கு நேர் அக்கரையில் நடந்த வேலை அது. கடல் கருவிகளுக்கு அப்படி யார் செய்தார்கள்? தமிழில் எழுதப்படாததை எந்த இயந்திரமும் எங்கிருந்து கற்கும்?

மீனவர்களுக்கு மானியத்தில் தரும் ஒவ்வொரு கருவிக்கும், படகில் வைத்துச் சோதித்த தமிழ்க் கையேடு கட்டாயம் என்று அரசு தன் விதிகளில் ஒரு வரி சேர்க்கட்டும். எங்கள் மாவட்டக் கல்லூரிகள் இந்த எழுத்தை ஒரு பாடமாக வைக்கட்டும். தமிழ் படித்த பிள்ளையும் பொறியியல் படித்த பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. தாங்கள் இதைத் தலையங்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நான் எழுதிய இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறைக்குள் அண்ணன் படகில் தொங்குகின்றன. பக்கத்துப் படகுக்காரர்கள் மூவர் பிரதி கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கருவி வேறு; அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகுகளில் ஏறப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.